எந்த முடிச்சு எந்த வேலைக்கு: வில்லாளியின் நாணிலும் பரணிலும்

வில்வித்தை பழகுகிறவர்கள் வில்லின் இழுவிசையைப் பற்றியும் அம்பின் விறைப்பைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நாணின் நடுவே இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் கட்டப்பட்டிருக்கும் ஒரு துண்டுக் கயிற்றைப் பற்றி, அது அவிழும் நாள்வரை, யாரும் வாய் திறப்பதில்லை. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் மரப்பரணில் அமர்ந்து வேட்டையாடுகிறவருக்கு இன்னொரு கயிறும் இருக்கிறது. தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில் அவருடைய உடல் முழுவதும் அந்தக் கயிற்றின் ஒரு முடிச்சை நம்பித்தான் இருக்கிறது. இரண்டையும் ‘முடிச்சு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், ஒன்றுக்குப் பொருந்தும் தேர்வு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

முடிச்சு கற்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்கி, இருபது முடிச்சுகளை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நிற்கிறார்கள். வேலையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இழுவை தொடர்ந்து இருக்குமா, விட்டுவிட்டு வருமா? கயிற்றின் இழை சொரசொரப்பானதா, வழுக்கக்கூடியதா? முடிச்சு விட்டுப்போனால் கெடுவது ஓர் அம்பா, ஒரு வில்லா, ஓர் உயிரா? கீழே உள்ள ஒப்பீடுகள் அனைத்தும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன.

டி-லூப்: கயிறா, உலோகமா, நேரடிப் பிடியா

டி-லூப் என்பது அம்பு பொருந்தும் இடத்தில், நாணின் நடுவே அமையும் சிறு வளையம். விரலுக்குப் பதிலாக நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியால் நாண் இழுக்கும் காம்பவுண்ட் (கப்பி பூட்டிய வில்) வில்லாளிக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. ரிலீஸின் கொக்கியை நேரடியாக நாணில் மாட்டலாம். உலோகத்தாலான டி-லூப்பைத் திருகிப் பொருத்தலாம். கயிற்றால் டி-லூப் கட்டிக்கொள்ளலாம். நேரடியாக மாட்டினால் முடிச்சே தேவையில்லை. ஆனால் கொக்கி அம்பின் பின்முனைக்குச் சற்றுக் கீழே நாணைப் பிடிப்பதால் இழுவை அம்பின் நேர்கோட்டில் அமையாமல் கீழே தள்ளி அமைகிறது. நாண் தேயாமல் காக்க அதைச் சுற்றிக் கட்டிய சர்விங் நூலும் கொக்கி உரசி உரசிச் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. உலோக லூப் அவிழாது என்பது உண்மை. எனினும் நாணின் நடுவில் சேரும் எடை அம்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ரிலீஸின் தாடையும் உலோகத்தோடு உலோகம் மோதித் தேயும். கயிற்று டி-லூப் இலேசானது, மலிவானது, அம்பின் நேர் பின்னாலிருந்து இழுக்க வழிசெய்வது. அதன் ஒரே பலவீனம் அதைக் கட்டிய கைதான்.

கட்டும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய கயிற்றின் ஒரு நுனியை முதலில் விரலால் கலைத்து, இழைகள் பூப்போல விரிந்த பிறகே தீயை அருகில் கொண்டுபோக வேண்டும். நுனி பற்றி எரியக் கூடாது. உருகிக் குமிழாகத் திரள வேண்டும். சூடு ஆறுவதற்குள் லைட்டரின் உலோகப் பக்கத்தால் இலேசாக அழுத்தினால், அந்தக் குமிழ் காளான் தலையைப் போலப் பரந்து நிற்கும். அம்பு பொருந்தும் இடத்துக்கு மேலே கயிற்றை நாணைச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் மடிப்புக்கு அடியிலேயே நுழைத்து ஒரு பாதிக் கட்டு. கீழே அதே கட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து. மேல் குமிழ் நாணின் இடப்புறம் இருந்தால் கீழ்க் குமிழ் வலப்புறம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் அமைந்துவிட்டால் இழுக்கும்போது லூப் ஒருபக்கமாகத் திரும்பப் பார்க்கும். நாணையும் அதோடு திருப்பும். பிறகு இடுக்கியின் மூக்கை லூப்புக்குள் விட்டு, கைப்பிடியை விரித்து, கட்டுகள் நாணைக் கவ்வும்வரை இறுக்க வேண்டும். கையால் இழுத்து வரும் இறுக்கம் இதற்குப் போதாது.

நான் முதன்முதலில் கட்டிய டி-லூப்பில், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று குமிழைச் சிறிதாக்கினேன். நாற்பது ஐம்பது அம்புகளுக்குப் பிறகு, முழு இழுவையில் நிற்கும்போது கயிறு உருவிக்கொண்டது. முஷ்டி தாடையில் வந்து மோத, அம்பு இலக்குப் பலகையைத் தாண்டிப் பின்னாலிருந்த மண்மேட்டில் குத்தியது. அன்றிலிருந்து குமிழ் கயிற்றின் தடிமனைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஓர் அம்பும் எய்வதில்லை.

கயிற்றின் இழையையும் இங்கே கவனிக்க வேண்டும். லூப்பின் வெளியுறை பாலியெஸ்டராக இருப்பது நல்லது. ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த இழை உறுதியான குமிழாகத் திரளும். டைனீமா வகைப் பாலிஎதிலீன் இழை 150 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். இயல்பிலேயே வழுக்குவதால் குமிழும் கட்டும் இரண்டுமே நம்பத்தக்கவையாக அமைவதில்லை. இதே காரணத்தால், இரண்டாவது நுனியை நாணுக்குப் பக்கத்தில் வைத்து உருக்கும்போது தீ நாணை நெருங்காதபடி ஒரு மெல்லிய உலோகத் தகட்டை இடையே பிடிக்க வேண்டும். இன்றைய நாண்கள் பலவற்றில் இருப்பது அந்த 150 டிகிரி இழைதான்.

டி-லூப்புக்கு மாறுகிறவர்கள் எளிதில் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. லூப் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர்வரை நீளமுள்ளது. அந்த அளவுக்குக் கை பின்னால் போகும். தாடையில் கை பதியும் இடம் மாறிவிட்டதே என்று வில்லைக் குறைசொல்வதற்கு முன் லூப்பின் நீளத்தைப் பார்க்கலாம்.

நாக்கிங் பாயிண்ட்: பித்தளையும் நூலும்

விரலால் நாண் இழுக்கிறவர்களுக்கு, அம்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பொருந்துவதற்கான அடையாளம் தேவை. அதுதான் நாக்கிங் பாயிண்ட். பித்தளை வளையத்தை இடுக்கியால் நெருக்கிப் பொருத்துவது ஒரு நிமிட வேலை. நூலால் கட்டுவது பத்து நிமிட வேலை. இருந்தாலும் நூல் கட்டையே நான் பரிந்துரைப்பேன். எடை குறைவு, விரலுறையைக் கிழிக்காது என்ற காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். முக்கியமான காரணம் வேறு.

சர்விங் நூலை நாணின் ஒரு பக்கத்தில் ஓர் அரை முடிச்சு, மறுபக்கத்தில் ஓர் அரை முடிச்சு என்று மாற்றி மாற்றி ஆறேழு முறை போட்டு, கடைசியில் ரீஃப் முடிச்சால் (எதிரெதிர்த் திசையில் போடும் இரண்டு அரை முடிச்சுகள்) முடித்துவிடுவதுதான் இந்தக் கட்டு. அடியிலிருக்கும் நடுச் சர்விங் நாணைச் சுற்றிச் சுருளாகச் செல்வதால், அது திருகாணியின் புரிகளைப் போன்றது. அதன்மேல் அமர்ந்த நூல் கட்டை விரல்நகத்தால் பிடித்துத் திருகினால், திருகாணியின் மேல் மரை நகர்வதைப் போல, மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவில் மேலும் கீழும் நகரும். பித்தளை வளையத்தில் இந்த நுட்பம் இல்லை. நெகிழ்த்தி, நகர்த்தி, மறுபடி நெருக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் தவறும். சரியான உயரம் உறுதியான பிறகு ஒரு சொட்டுப் பசை விட்டால் கட்டு அங்கேயே நின்றுவிடும். புதிய வில்லைச் சரிசெய்யும் முதல் நாளில் மட்டும் பித்தளையை வைத்துக்கொண்டு தோராயமான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு நூலுக்கு மாறுவது நடைமுறையில் நல்ல வழி.

நாணின் இழைகளுக்கிடையே செருகி, அதன் வழியாகக் குறிபார்க்கும் சிறு வளையமான பீப் சைட்டையும் இதே அரை முடிச்சு வரிசையால்தான் மேலும் கீழும் கட்டுகிறோம். நாணின் இழைகள் நெருக்கும் பிடியே போதும் என்று சிலர் கட்டாமல் விட்டுவிடுவதுண்டு. நாண் தளர்ந்தாலோ அறுந்தாலோ அந்தச் சிறு வளையம் கண்ணுக்கு நேரே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் ஒப்பிடுவதற்கே ஒன்றும் இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும். ரீகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) பிரிவுப் போட்டிகளில் பீப் அனுமதிக்கப்படுவதில்லை என்பதால் அந்த வில்லாளிகளுக்கு இந்த வேலை மிச்சம்.

நாணின் முனை: டிம்பர் ஹிட்ச்சா, இரட்டைக் கண்ணியா

மரத்தாலான லாங்போ என்ற நீண்ட பழைய வகை வில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எழும் கேள்வி இது. பழைய முறையில் நாணின் மேல்முனையில் நிலையான கண்ணி இருக்கும். கீழ்முனையை வில்லின் வெட்டில் டிம்பர் ஹிட்ச்சால் கட்டுவார்கள். வில் செய்வோரின் முடிச்சு என்றே ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு. நாணின் நுனியை வில்லைச் சுற்றிக் கொண்டுவந்து, நாணைச் சுற்றி ஒரு வளைவு எடுத்து, பிறகு தன் உடம்பின்மேலேயே மூன்று முறை சுருட்டிவிட்டால் முடிந்தது. இழுவை கூடக் கூட அது தன்னைத்தானே நெரித்துக்கொண்டு பிடிக்கும். இழுவை போனதும் விரலால் தள்ளினாலே நெகிழும். நாணேற்றிய வில்லில் இழுவை எப்போதும் இருப்பதால், தளர்ந்தால் அவிழும் என்ற அதன் குறை அங்கே குறையாகத் தெரிவதில்லை. நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையே ஒரு முஷ்டியும் நிமிர்த்திய கட்டைவிரலும் அளவுக்கு, அதாவது பெரும்பாலான லாங்போக்களில் 15 முதல் 18 சென்டிமீட்டர்வரை, இடைவெளி வைப்பது வழக்கம். புதிய நாண் நீண்டு இந்த இடைவெளி குறையும்போது, முடிச்சைச் சற்று ஏற்றிக் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

இரட்டைக் கண்ணி நாணில் முடிச்சே கிடையாது. இழைகளை முறுக்கிப் பின்னோக்கிப் பின்னிச் சேர்த்த ஃபிளெமிஷ் கண்ணியோ, தொடர்ச்சியான ஒரே இழையைச் சுற்றிச் செய்த கண்ணியோ இருக்கும். இடைவெளியைக் கூட்ட நாணைக் கூடுதலாக முறுக்க வேண்டும். குறைக்க, முறுக்கைத் தளர்த்த வேண்டும். இது டிம்பர் ஹிட்ச் அளவுக்குத் தாராளமான சரிசெய்தல் அல்ல என்பதால் நாணின் நீளம் தொடக்கத்திலேயே கிட்டத்தட்டச் சரியாக இருந்தாக வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது இழை. சணல், ஆளிநார், டேக்ரான் (பாலியெஸ்டர்) போன்ற உரசல் உள்ள இழைகளில் டிம்பர் ஹிட்ச் நன்றாகப் பிடிக்கும். நீட்சி குறைந்த, வழுக்கும் பாலிஎதிலீன் நாணுக்கு இரட்டைக் கண்ணியே சரி. முடிச்சு அதில் மெல்ல நழுவுவது மட்டுமல்லாமல், கூர்மையாக வளையும் இடத்தில் அந்த இழை வலிமையைப் பெரிதும் இழக்கும். கயிறு அறுந்தால் முடிச்சில்தான் அறும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இந்த வளைவுதான். பழைய மரவில்லின் முனைகள் வலுவூட்டப்படாதவையாக இருந்தால் நீட்சியுள்ள டேக்ரானே வில்லுக்கும் பாதுகாப்பு. ஆகவே அந்த வில்லுக்கு இழையும் முடிச்சும் ஒன்றையொன்று தேர்ந்தெடுத்துவிடுகின்றன.

பரணில்: ப்ரூசிக்கும் அதன் போட்டியாளர்களும்

நாணில் நேரும் பிழை தாடையில் அடியோடு முடிந்துவிடலாம். பரணில் நேரும் பிழை அப்படி முடிவதில்லை. ஏறத் தொடங்கும் நொடியிலிருந்து இறங்கிக் கால் தரையில் படும்வரை உடல் கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். அதற்கு மரத்தின் மேலிருந்து தரைவரை தொங்கும் உயிர்காப்புக் கயிறும், அதன்மேல் ஏறவும் இறங்கவும் நகரும் பிடிமுடிச்சும் வேண்டும்.

அந்தப் பிடிமுடிச்சுகளில் முதலில் கற்க வேண்டியது ப்ரூசிக். ஆஸ்திரிய மலையேறி கார்ல் ப்ரூசிக் 1931-இல் இதை மலையேற்றத்துக்காக விவரித்து எழுதினார். மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றைச் சுற்றி மூன்று முறை உள்ளுக்குள் எடுத்துவிட்டால் கட்டு அமைந்துவிடும். சுமை இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும். சுமை விழுந்ததும் இறுகிப் பிடிக்கும். மேலிருந்து இழுத்தாலும் கீழிருந்து இழுத்தாலும் ஒன்றுபோலப் பிடிப்பது அதன் சிறப்பு. டிஸ்டெல், ஷ்வேபிஷ் போன்ற முடிச்சுகள் சமச்சீரற்றவை. கீழ்நோக்கிய சுமையை மட்டுமே பிடிக்கும். ஆனால் சுமைக்குப் பிறகு எளிதில் நெகிழும் என்பதால், சேடில் என்ற இடுப்பு இருக்கையில் தொங்கியபடி வேட்டையாடி நாள் முழுவதும் கயிற்றின் நீளத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அவை வசதி. இயந்திரப் பிடிகள் ஒரு கையால் இயங்கும். விலையும் எடையும் கூடுதல். பல்லுள்ள வகை கயிற்றின் உறையைக் கடிக்கக்கூடும். பரணில் ஏறி உட்கார்ந்து காத்திருப்பவருக்கு ப்ரூசிக்கே போதும். தலைகீழாகக் கட்டிவிட்டோமோ என்ற ஐயத்துக்கே அதில் இடமில்லை என்பது, இருட்டில் ஏறுகிறவருக்குச் சிறிய விஷயம் அல்ல.

அது பிடிப்பதும் பிடிக்காததும் கயிறுகளின் தடிமன் வித்தியாசத்தைப் பொறுத்தது. வளையக் கயிறு முதன்மைக் கயிற்றின் தடிமனில் 60 முதல் 80 சதவீதம்வரை இருப்பது வழக்கமான அளவு; 11 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் வளையம் பொருந்தும். இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் முடிச்சு வடிவாக அமைந்திருந்தும் வழுக்கிக்கொண்டே இறங்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். கயிறு நனைந்தோ உறைந்தோ இருக்கும்போது பிடிப்பு மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் தரையில் நின்றபடியே உடல் எடையை அதன்மேல் சாய்த்துப் பார்த்த பிறகே ஏற வேண்டும். ஏறும்போது முடிச்சைத் தலைக்கு மேலேயே தள்ளிக்கொண்டு போவதும், அமர்ந்த பிறகு ஹார்னெஸ்ஸின் (உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டை) இணைப்பில் தொய்வே இல்லாதபடி உயர்த்தி வைப்பதும் முடிச்சைப் போலவே முக்கியம். தொய்வோடு விழுந்தால் அதிர்ச்சிச் சுமையில் ப்ரூசிக் நழுவி, உராய்வுச் சூட்டில் உருகவும் கூடும்.

வளையத்தை நாமே கட்டுவதா, தைத்ததை வாங்குவதா? கட்டுவதானால், ஒவ்வொரு நுனியும் மற்றதை இரண்டு முறை சுற்றி இறுகும் இரட்டை ஃபிஷர்மேன் முடிச்சைத் தவிர வேறெதையும் எண்ண வேண்டாம். நுனிகள் இருபுறமும் ஐந்தாறு சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். எனினும் உயிர் தொங்கும் இடத்தில் தொழிற்சாலையில் தைத்துச் சோதித்த வளையத்தையே நான் வாங்குவேன். முடிச்சைக் கற்பது அதைத் தவிர்ப்பதற்காக அல்ல. எதை நம்பி ஏறுகிறோம் என்பதைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்காக.

கயிற்றின் முனையில் நிலையான கண்ணி வேண்டிய இடத்தில் பவ்லைனா, ஃபிகர் எயிட்டா என்ற பழைய வாதம் இங்கும் வரும். பவ்லைன் விரைவில் கட்டலாம். எவ்வளவு பெரிய சுமைக்குப் பிறகும் அதன் முதுகை மடக்கினால் அவிழ்ந்துவிடும். ஆனால் சுமையில்லாமல் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தால் அது தானாகவே தளரும். ஃபிகர் எயிட் சுமைக்குப் பிறகு கல்லாக இறுகிவிடும், ஆனால் தளராது, இரட்டைக் கோடுகள் எட்டு வடிவில் இணையாக ஓடுவதால் சரியாக இருக்கிறதா என்பதை டார்ச் வெளிச்சத்தில் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். ஆகவே மனிதனைத் தாங்கும் முனைக்கு ஃபிகர் எயிட். வேட்டையாடிய விலங்கைத் தொங்கவிடுவதற்கும், பாரம் இழுப்பதற்கும், பிறகு அவிழ்த்தாக வேண்டிய எல்லா வேலைக்கும் பவ்லைன்.

வில்லை மேலே இழுக்கும் கயிறு

வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. மேலே அமர்ந்து ஹார்னெஸ்ஸை இணைத்த பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பலர் கிளவ் ஹிட்ச் (கம்பைச் சுற்றி இரண்டு சுற்றாகப் போடும் கட்டு) போடுவதைப் பார்க்கிறேன். வில்லின் வழவழப்பான கையில், எடை ஆடி ஆடி வரும்போது, கிளவ் ஹிட்ச் உருண்டு தளரும். ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு மேலே போனதும் வசதியாக இருக்கும்; ஆனால் அதன் வால் வழியிலுள்ள ஒரு கிளையில் மாட்டினால் அதே வசதி வில்லைத் தரைக்கு அனுப்பிவிடும். கயிற்று நுனியில் நிரந்தரமாகப் பெரிய கண்ணி ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, அதை வில்லின் பிடிப்பகுதியைச் சுற்றி எடுத்துத் தன்னுள்ளேயே உருவிச் சுருக்காக்குவது எளிமையும் உறுதியும் உள்ள வழி. எடை இருக்கும்வரை சுருக்கு இறுகியிருக்கும். மேலே வில்லைக் கொக்கியில் மாட்டியதும் விரலால் நெகிழ்த்தலாம். காரபினர் என்ற உலோகக் கொக்கி இதைவிட வேகமானது. உலோகம் வில்லில் தட்டும் ஓசைதான் வேட்டையில் அதன் விலை.

எதைக் கொண்டு கட்டினாலும் நாணிலோ கேபிளிலோ கட்டக் கூடாது, அம்பு நாணில் பொருத்தப்பட்டிருக்கக் கூடாது, அகல்முனை அம்புகள் மூடிய தூணியில் இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை பரணில் கட்டப்பட வேண்டும், இடுப்பில் அல்ல. ஏறும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கயிற்றைத் தொங்கவிட்டால், தவறி விழ நேர்ந்தாலும் கீழே இருக்கும் ஆயுதத்தின்மேல் விழ மாட்டோம்.

மீதமுள்ள சில வேலைகளை விரைவாகக் கடந்துவிடலாம். மீன் எய்யும் வில்லின் பின்னல் நூலுக்குப் பாலோமார் முடிச்சு பொருந்தும். கிளிஞ்ச் முடிச்சு பின்னல் நூலில் வழுக்கும். எதைக் கட்டினாலும் நூலை அம்பின் பின்முனையில் நேராகக் கட்டாமல் அம்பின்மேல் நகரும் ஸ்லைடில் கட்ட வேண்டும். நூல் சிக்கினால் அம்பு எய்தவரை நோக்கியே திரும்பி வரலாம். எய்த பிறகு வில் கையிலிருந்து விழாமல் தடுக்கும் விரல் ஸ்லிங்குக்குப் பழைய ஷூ லேஸும் இருமுனைகளிலும் உருவாஞ்சுருக்கும் போதும். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

இறுதியாக, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ரீஃப் முடிச்சு. நாக்கிங் பாயிண்டின் கடைசிக் கட்டாக, அடியில் நாண் தாங்கியிருக்க, மேலே பசையோடு அது நன்றாக நிற்கும். அதே முடிச்சால் இரண்டு கயிறுகளை இணைத்துச் சுமை ஏற்றினால், ஒரு நுனியை யாராவது பக்கவாட்டில் இழுத்தாலே அது உருண்டு நேராகிக் கழன்றுவிடும். தடிமன் வேறுபட்ட கயிறுகளில் இன்னும் வேகமாக. பரணுக்கான கயிறு நீளம் போதாமல் இன்னொன்றை இணைக்க நேர்ந்தால் அதில் ஏறவே வேண்டாம். நீளமான கயிறு வரும்வரை தரையில் காத்திருக்கலாம். வில்லை இழுக்கும் மெல்லிய கயிறு போதாவிட்டால் மட்டும் இரட்டை ஃபிஷர்மேனால் இணைத்துக்கொள்ளலாம்.